காலில் வலி, கோளாறு இடுப்பில்

"முதுகுல ஊசி போட்டுக்கிட்டீங்களாமே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் நான்கு பேர் கேட்டார்கள். உழவர் சந்தையில் ஒருவர், ஒரு துக்க வீட்டில்கூட ஒருவர் ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டார். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அதே வலி இருக்கிறது. மீதிப் பேருக்கு வீட்டில் யாருக்காவது இருக்கிறது. ஆளுக்குக் கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இப்போது முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறது என்பதையும் இதிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. தொலைபேசித் துறையில் 36 வருடம் தென்காசி, தூத்துக்குடி, பாளையங்கோட்டை என்று கேபிள் பழுது பார்த்தே காலம் தள்ளியவன். வயது 71. சர்க்கரை 16 வருடமாகக் கூடவே இருக்கிறது. எனக்கு நடந்ததையும், கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். உங்கள் இடுப்புக்கு உங்கள் டாக்டர்தான் பொறுப்பு.

வலி ஆரம்பித்தது போன மாசி மாதம். முதலில் இடது புட்டத்தில், உள்ளே ஆழமாக, சாவிக்கொத்தின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல ஓர் உறுத்தல். ஒரு வாரத்தில் அது தொடையின் பின்பக்கமாக இறங்கியது. அப்புறம் கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் என்று தனக்கு ஒரு பாதை போட்டுக்கொண்டது. இருமினால் கரண்ட் அடிக்கும். தும்மல் வரும்போலிருந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். நடப்பதைவிட உட்காருவது கொடுமை. சாப்பாட்டை ஜன்னல் திண்டில் வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டேன். வேடிக்கை என்னவென்றால் இடுப்பில் வலியே இல்லை. அதனால் "இடுப்புக் கோளாறு" என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வைத்தியங்களுக்குக் குறைவில்லை. எதிர் வீட்டு அண்ணாச்சி ஒரு தைலம் கொண்டுவந்தார். இன்னொருவர் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்த நேரம் இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வாயு என்று சொல்லி ஒருவர் பூண்டு தின்னச் சொன்னார். தின்றதில் வாசனைதான் மிச்சம். எங்கள் குடும்ப டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை கொடுத்துவிட்டு, "சர்க்கரைக்காரரு நீங்க, இதுக்கு மேல கொடுத்தா கிட்னிக்கு ஆகாது" என்று நிறுத்திவிட்டார். அடுத்து நரம்பு வலிக்கென்று பிரிகேபலின். அதைப் போட்டால் தலை சுற்றியது, வலி அப்படியே இருந்தது. சயாட்டிகாவுக்கு அந்த மாத்திரை வெற்று மாத்திரையைவிட மேல் இல்லை என்று ஆஸ்திரேலியாவில் செய்த ஆராய்ச்சி 2017இல் வந்திருக்கிறது. தலை சுற்றல் மட்டும் அதில் அதிகம். குளியலறையில் ஒருநாள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு, டாக்டரிடம் சொல்லி அதையும் விட்டேன். எங்கள் வீட்டில் நான் விழுந்தால் விழுவது நான் ஒருவன் மட்டும் இல்லை.

அதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். கால் பாதி திரும்பியிருக்கிறது, கை திரும்பவில்லை. பேச்சு வரும், மெதுவாக வரும். பிடித்துக்கொண்டால் நிற்பாள். காலை ஐந்தரைக்குக் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, திரும்ப நாற்காலி, குளியல், மறுபடி கட்டில் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கி மாற்றுகிறேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 14 தடவை. அவள் எடை 58 கிலோ. உதவிக்கு வரும் அம்மா ஒன்பது மணிக்கு வந்து பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். மீதி நேரம் நான்தான்.

மாசிக் கடைசியில் என்னால் அவளைப் பிடித்து எழுப்ப முடியவில்லை. எழுப்பும்போது என் இடது கால் மடங்கியது. இரண்டு பேரும் கட்டிலிலேயே சாய்ந்ததால் தப்பித்தோம். அன்று இரவு புனேயிலிருந்து மகன் பேசினான். "கொஞ்ச நாளைக்கு அம்மாவை ஒரு ஹோம்ல வச்சுப் பாத்துக்கலாம்பா. உங்களுக்குச் சரியானதும் கூட்டிட்டு வந்துரலாம்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. அவன் நிலைமையில் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் பார்க்கிறேன், காலையில் நிரப்பி வைத்த தண்ணீர்ச் செம்பு அப்படியே இருக்கிறது. கழிப்பறைக்குப் போகும் தடவையைக் குறைப்பதற்காக அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வலி ஒரு கேள்வியாக இல்லை. எத்தனை நாளில் நான் அவளைப் பத்திரமாக எழுப்பி உட்கார வைக்க முடியும் என்பது ஒன்றுதான் கேள்வி.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்பு எலும்பில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் உள்ள ஜவ்வு இடது பக்கமாகப் பிதுங்கி, எல் 5 என்று சொல்லும் நரம்பு வேரை அழுத்துகிறது என்று அறிக்கை. அது போக இரண்டு பக்கத்துக்குத் தேய்மானம், வறட்சி, பிதுக்கம் என்று ஒரு பெரிய பட்டியல். படித்தால் நான் நிற்பதே அதிசயம் என்று தோன்றும். இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்து போனவர்கள் நம் கூட்டத்தில் நிறையப் பேர். அவர்களுக்காக ஒரு கணக்கு: வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம். அதாவது நரை மாதிரி. படத்தில் இருப்பதும் காலில் வலிக்கும் இடமும் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம். எனக்குப் பொருந்தியது. டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கினார். பாதி உயரம்கூட வரவில்லை, நான் கத்திவிட்டேன்.

காலில் வலிக்கு இடுப்பில் ஏன் வைத்தியம் என்று நான் கேட்டதை அப்போதுதான் நானே விளங்கிக்கொண்டேன். எங்கள் துறையில் தினமும் பார்த்ததுதானே. சந்தாதாரர் "போனில் கரகரவென்று சத்தம், கருவியை மாற்றுங்கள்" என்பார். மாற்றினாலும் சத்தம் இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி ரோட்டோரக் குழியில் கேபிள் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் போயிருக்கும். கட்டைவிரல் கருவி, இடுப்பு குழி. அவ்வளவுதான். சயாட்டிக் நரம்பு நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு. இடுப்பிலும் அதற்குக் கீழேயும் எல் 4, எல் 5, எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்று ஐந்து வேர்கள் சேர்ந்து, விரல் தடிமனில் ஒரு பெரிய கேபிளாகப் புட்டம் வழியாக இறங்குகிறது. மேலே எந்த வேர் நசுங்குகிறதோ அதன் சந்தாதாரர் வீட்டில் மணி அடிக்கும். எல் 5 என்றால் கட்டைவிரல் பக்கம்.

ஜவ்வு என்று நாம் சொல்வதில் வெளியே கெட்டியான வளையம், உள்ளே ஜெல்லி மாதிரி ஒரு பொருள். எங்கள் துறையிலும் பின்னாளில் ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது. தண்ணீர் உள்ளே போகாமலிருக்க அந்த ஜெல்லி. இங்கே ஜெல்லி வெளியே வருவதுதான் தொல்லை. வளையத்தில் கீறல் விழுந்து அது நரம்பு வேரின் பக்கத்தில் பிதுங்கினால், அழுத்தம் மட்டுமில்லை, அந்தப் பொருள் பட்ட இடம் புண் மாதிரிச் சிவந்து வீங்குகிறது. வலியில் பெரும்பங்கு இந்த வீக்கத்தால்தான். ஸ்டீராய்டு ஊசி ஜவ்வைத் தொடுவதில்லை. வீக்கத்தைத்தான் வடிக்கிறது.

இதெல்லாம் பழைய விஷயம் இல்லை. இத்தாலியில் கொட்டூனோ என்ற மருத்துவர் இந்த வலி இடுப்பு மூட்டில் இல்லை, நரம்பில் என்று 1764இல் எழுதினார். ஆனால் நரம்பை நசுக்குவது ஜவ்வுதான் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் தெளிவாக எழுதியது 1934இல். என் அப்பா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். முதுகுத் தண்டின் அடியில் ஊசி வழியாக மருந்து செலுத்தும் முறை 1901இல் பாரிஸில் வந்துவிட்டது. அன்று போட்டது கொக்கெய்ன், மரத்துப் போவதற்காக. 1948இல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற டாக்டர் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு கார்ட்டிசோன் கொடுத்து, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசு. அதற்கு அடுத்த சில வருடங்களிலேயே அந்த மருந்தை இந்த ஊசியில் சேர்த்துவிட்டார்கள். ஆக, எதிர் வீட்டு அண்ணாச்சி சொன்னதுபோல "இப்பத்தான் புதுசாக் கெளப்பியிருக்க" சமாச்சாரம் இல்லை. எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் போன மருத்துவமனையில் படத்தை விளக்கில் வைத்த இரண்டாவது நிமிடம் "அடுத்த வாரமே ஆபரேஷன், பேக்கேஜ் கவுன்டரில் கேட்டுக்கோங்க" என்றார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: "ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல ஒரு ஆளைத் தூக்கலாம்?" மூன்று மாதம் ஆகலாம் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆபரேஷன் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. என்னுடன் வேலை பார்த்த ஒருவர் செய்துகொண்டு ஆறு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறார். நெதர்லாந்தில் 283 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீக்கிரம் ஆபரேஷனும் மற்றதுக்குப் பொறுத்துப் பார்ப்பதும் என்று செய்த ஆய்வை மகன் அனுப்பியிருந்தான். 2007இல் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்துப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் தாங்களாகவே ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எப்போதும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் சொல்வார்கள்.

இரண்டாவதாகப் பார்த்தது வலி மருத்துவர் ஒருவரை. மயக்க மருந்துப் படிப்பு படித்து, அப்புறம் வலிக்கென்று தனியாகப் படித்தவர். என் மகள் என்று ஒருத்தி இருந்தால் அந்த வயது இருக்கும்.

"சார், இது ஜவ்வை உள்ள தள்ளாது. தேய்மானத்தைச் சரி பண்ணாது. நரம்பைச் சுத்தி இருக்க வீக்கத்தைக் கொறைக்கும், அவ்வளவுதான்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"சிலருக்கு மூணு வாரம், சிலருக்கு மூணு மாசம். சிலருக்கு ஒண்ணுமே கேக்காது."

ஒன்றுமே கேட்காது என்று ஒரு டாக்டர் வாய்திறந்து சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு படித்தபோது 2020இல் காக்ரேன் என்ற அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தது: பலன் உண்டு, ஆனால் சிறியது, கொஞ்ச காலத்துக்கு மட்டும்.

"அப்ப எதுக்கும்மா போடணும்?"

"வெளிய வந்த ஜவ்வு நிறையப் பேருக்கு நாள்பட நாள்பட தானாச் சுருங்கிரும் சார். அது வரைக்கும் நீங்க தூங்கணும், நடக்கணும், எக்சர்சைஸ் பண்ணணும். வலியோட இதெல்லாம் முடியாது. அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கத்தான் இது."

நேரம் வாங்குவது என்பது எனக்குப் புரிந்த பாஷை. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். "வலி போயிட்டா மறுநாளே அம்மாவைப் பழையபடி தூக்க ஆரம்பிச்சிராதீங்க. தூக்கறதுக்கு வேற வழி பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பாங்க. அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் ஊசி." ஒத்துக்கொண்டேன்.

"முதுகுல ஊசி போட்டா காலு விளங்காமப் போயிரும் அண்ணாச்சி, சொல்லுதேன் கேளுங்க" என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இதை வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் 2012இல் ஒரு மருந்துத் தயாரிப்பு இடத்தில் பூஞ்சை கலந்துபோன ஸ்டீராய்டு மருந்தைப் பல மாநிலங்களில் முதுகில் போட்டு, 700க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2014இல் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டது. இந்த ஊசியால் மிக அபூர்வமாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கால் செயலிழப்பு, மரணம்கூட நேர்ந்திருக்கிறது என்று. அபூர்வம்தான், ஆனால் உண்டு. சில ஸ்டீராய்டு மருந்துகள் நுண்ணிய துகள்களாக, கலங்கலாக இருக்கும். ஊசி முனை தவறி ஒரு சின்ன ரத்தக் குழாயில் போய்விட்டால் அந்தத் துகள் அடைத்துக்கொள்ளும். டெக்ஸாமெத்தசோன் என்பது தெளிவாகக் கரைந்த மருந்து. நரம்பு வெளியே வரும் துளை வழியாகப் போடும்போது அதைப் பயன்படுத்துவது பாதுகாப்பு. எனக்கு அதுதான் போட்டார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே போடுகிறார்களா, முதலில் சாயம் விட்டுப் பார்க்கிறார்களா, என்ன மருந்து என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில மாத்திரைகளைச் சில நாள் நிறுத்த வேண்டிவரும். அதை இதய டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

சித்திரைக் கடைசியில் நாள் குறித்தோம். அம்பாசமுத்திரத்திலிருந்து தங்கை வந்து மனைவிக்குத் துணை இருந்தாள். என்னை ஒரு குறுகலான மேஜையில் குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்தார்கள். முதுகில் மருந்து தடவியபோது ஐஸ் மாதிரி இருந்தது. மேலே வளைந்து நிற்கும் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே இயந்திரம். பக்கத்துத் திரையில் என் முதுகெலும்பு. தலையைத் திருப்பினால் எனக்கும் தெரிந்தது. அடுக்கி வைத்த உரல்கள் மாதிரி இருந்தது, அவ்வளவு சீராக இல்லை.

முதலில் மரத்துப் போகும் ஊசி. எறும்பு கடித்தது போல ஐந்து விநாடி. அதற்குப் பிறகு நீள ஊசி போவது வலியாகத் தெரியவில்லை, யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது. கொஞ்சம் நகர்த்துவார், படம் பார்ப்பார், மறுபடி கொஞ்சம். "கால்ல எங்கயாவது தெரிஞ்சா உடனே சொல்லுங்க, அசையாதீங்க" என்றார். சாயத்தை விட்டதும் வந்தது பாருங்கள், புட்டத்திலிருந்து கட்டைவிரல் வரை என்னுடைய அதே பழைய வலி, அதே பாதையில். "அதேதான்! அதேதான்மா!" என்று சத்தம் போட்டுவிட்டேன். அங்கிருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். எக்ஸ்சேஞ்சிலிருந்து டோன் அனுப்பிவிட்டு, குழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஜாயின்டர் நூற்றுக்கணக்கான கம்பிகளில் ஒன்றைத் தொட்டு "இதுதான் சார்" என்று கத்துவாரே, அந்தச் சந்தோஷம் எனக்கு மேஜையில் குப்புறக் கிடக்கும்போது வந்தது. திரையில் சாயம் நரம்பை ஒட்டிக் கறுப்பு நூல் மாதிரி இறங்கியது. அப்புறம்தான் மருந்து. மொத்தம் இருபது நிமிடம்.

இரண்டு மணி நேரம் படுக்க வைத்து, பிரஷர் பார்த்து, காலை அசைக்கச் சொல்லி, ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள். பில் 14,000 ரூபாய் சொச்சம், எம்.ஆர்.ஐ. தனி. தனியாகப் போகாதீர்கள். கால் சில மணி நேரம் மரத்து, நம் கால் மாதிரியே இருக்காது.

அன்று சாயங்காலம் வலி சுத்தமாக இல்லை. நடு இரவில் முழுசாகத் திரும்பி வந்தது. சாயங்காலத்து சுகம் மரத்துப் போகும் மருந்தினுடையது, ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பிழைத்தேன். சொல்லாமலிருந்தால் பணம் போச்சு என்று அழுதிருப்பேன். மறுநாள் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 212. அதற்கடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு 287. ஐந்து நாள் மாத்திரை அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள், அப்புறம் இறங்கிவிட்டது. சர்க்கரைக்காரர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். முகம் வெயிலில் நின்றதுபோல் சிவந்தது. இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு அலமாரியைத் துடைத்து, 1994ஆம் வருடத்து இலாகா சுற்றறிக்கை ஒன்றைக் கண்டெடுத்தேன். எதற்கு வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் இருமினேன், காலில் ஒன்றும் வரவில்லை. நம்பாமல் வேண்டுமென்றே இன்னொரு தடவை இருமிப் பார்த்தேன். ஆறாம் நாள் மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு நடந்து போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தேன். பத்துக்கு எட்டாக இருந்த வலி பத்துக்கு மூன்றாக ஆனது. பூஜ்ஜியம் ஆகவில்லை. கட்டைவிரல் மேல் ஒரு மரப்பு இன்றைக்கும் இருக்கிறது. ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு ரத வீதியில் அரை மணி நேரம் நிற்க முடிந்தது.

ஊசி போடாமலே இருந்திருந்தாலும் ஆனிக்குள் தானாகக் குறைந்திருக்குமோ? இருக்கலாம். மகனும் அதைத்தான் சொல்கிறான். ஆனால் வைகாசி மாதம் எங்கள் வீட்டில் நடந்த காரியங்கள் நடந்திருக்காது.

பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்து முதலில் கட்டிலைப் பார்த்தார். உயரம் போதாது என்றார். ஆசாரியை அழைத்து நாலு காலுக்கும் நாலங்குல மரக்கட்டை கொடுத்தோம். என் மனைவி இடுப்பில் அகலமான துணிப் பட்டை ஒன்று கட்டச் சொன்னார். அவளைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்து, முழங்காலுக்குப் பின்தள்ளி இருக்க வேண்டும். நாற்காலி அவளுடைய நல்ல பக்கத்தில், இடப்பக்கம், ஒட்டினாற்போல. என் முழங்கால் அவளுடைய வலது முழங்காலுக்கு அணை. என் முதுகு நேர், முழங்கால் மடக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருவரும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடி, மூன்றாவதில் அவள் இடது கையால் கட்டிலை ஊன்றி எழ வேண்டும். நான் பட்டையைப் பிடித்துத் திருப்பி உட்கார வைக்க வேண்டும். தூக்குவது கிடையாது, திருப்புவதுதான்.

முதல் நாள் இரண்டு பேரும் பயந்தோம். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பத்து நாளில் "ஒண்ணு, ரெண்டு" என்று அவளே எண்ண ஆரம்பித்தாள். மூன்று வருடமாக நான் எழுப்ப எழுந்தவள், இடது காலை ஊன்றித் தானாக மேலே வந்தாள். இப்போது பதினான்கு தடவையில் நான்கைந்து தடவை என் கை பட்டையைச் சும்மா தொட்டுக்கொண்டிருப்பதோடு சரி. செம்பில் தண்ணீர் இரண்டு தடவை நிரப்புகிறோம். ஹோம் பற்றி மகன் அப்புறம் பேசவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

பதினோராவது வாரம் வலி லேசாகத் தலைகாட்டியது. இன்னொரு ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "நடக்கிறீங்க, தூங்கறீங்க. எதுக்கு? இதை வருஷத்துக்கு மூணு நாலு தடவைக்கு மேல போடறதில்ல. அடிக்கடி போட்டா எலும்புக்கும் ஆகாது, உங்க சர்க்கரைக்கும் ஆகாது" என்றார். இருபது நாளில் அதுவே அடங்கியது. காலையில் அரை மணி நடை, பிசியோ சொன்ன நாலு பயிற்சி. படுத்தே கிடக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லா டாக்டர்களும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன மாதம் சங்கத்தில் ஒருவர் "ரெண்டு நாளா உட்கார்ற இடமே மரத்துக் கெடக்கு, தைலம் போடலாமா" என்று கேட்டார். உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் தெரியாமல் போவது, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. இதில் ஒன்று வந்தாலும் தைலமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது மணிக்கணக்கில் முடிவாகிற காரியம். அவரை அன்றே இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூட வருகிறேன் என்று மகன் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான். "நீ வேண்டாம், பேத்திக்குப் பரீட்சை, நானே போய்க்கொள்வேன்" என்று போனில் சொன்னேன். என் மனைவி கையை நீட்டிப் போனை வாங்கினாள். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"நீ வா. பரண்ல பெரிய உருளி இருக்கு. எறக்கணும். இவரை ஏற விட மாட்டேன்."